சிவந்து, மங்கி, மறுபடி சிவக்கும் அலகு: தாழைக்கோழியின் வயதைப் பார்த்துச் சொல்வது எப்படி?

மதுரைப் பக்கத்துக் கண்மாயில் தண்ணீர் நிறைந்து சில மாதங்கள் ஆனபின் கரையில் நின்று பார்த்தால், சம்புப் புதர் ஓரமாக மூன்று விதமான பறவைகள் கண்ணில் படும். ஒன்று கரிய உடம்பும் சிவந்த அலகுமாக, தலையை முன்னும் பின்னும் ஆட்டியபடி நீந்தும். இன்னொன்று ஏறக்குறைய அதே அளவு, ஆனால் உடம்பு பழுப்பு, அலகில் நிறமே இல்லை. மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்பு உருண்டை. ஆனால் அதன் அலகு மறுபடி சிவப்பு. பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் இவற்றை மூன்று இனமாக எழுதிக்கொள்வதுண்டு. பழுப்பாக இருப்பது பெட்டை என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல. மூன்றுமே தாழைக்கோழிதான், வயதுதான் வேறு.

குழப்பத்துக்குக் காரணம் அந்த அலகுதான். பெரும்பாலான பறவைகளில் குஞ்சு மங்கலாக இருக்கும், வளர வளர நிறம் ஏறும். தாழைக்கோழியில் அப்படி ஒரே திசையில் போவதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும்போதே சிவந்த அலகு. சில வாரங்களில் அந்தச் சிவப்பு போய்விடும். பல மாதங்கள் கழித்துத் திரும்பி வரும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் பெரிய பறவையைப் பழகிக்கொள்ளுங்கள். தாழைக்கோழியின் நீளம் 30 முதல் 38 செ.மீ. வரை, அதாவது வீட்டுக் கோழியைவிடச் சிறியது. தலை, கழுத்து, அடிப்பகுதி எல்லாம் கரும் சாம்பல். முதுகும் இறக்கையும் கரும்பழுப்பு, தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே கறுப்பு என்றுதான் தோன்றும். விலாவில் வெள்ளைக் கோடு ஒன்று, அங்கங்கே விட்டுவிட்டு ஓடும். அலகு நல்ல சிவப்பு, நுனி மட்டும் மஞ்சள். அந்தச் சிவப்பு அலகோடு நிற்காமல் நெற்றிமேல் ஏறி ஒரு தகடாகப் படர்ந்திருக்கும். கண்ணும் சிவப்பு. கால் மஞ்சள் கலந்த பச்சை, முழங்கால் மாதிரித் தெரிகிற மூட்டுக்கு மேலே ஒரு சிவப்பு வளையம். விரல்கள் நீளமானவை, வாத்துக்கு இருப்பதைப் போன்ற சவ்வு கிடையாது. அதனால்தான் ஆகாயத்தாமரை மேலேயும் நடக்கிறது, சேற்றிலும் நடக்கிறது, தண்ணீரிலும் நீந்துகிறது.

இத்தனை அடையாளங்களில் எந்த நேரமும் கைகொடுப்பது வாலடி. தாழைக்கோழி வாலைத் தூக்கித் தூக்கி வெட்டும். அப்போது வாலுக்கு அடியில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டு, நடுவில் கறுப்புப் பட்டை தெரியும். பயம் கூடும்போது இந்த வெட்டும் கூடும். "உன்னைப் பார்த்துவிட்டேன், பதுங்கி வந்து பயனில்லை" என்று எதிரிக்குக் காட்டும் சைகை இது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது வேறு. இறகு முளைத்த நாளிலிருந்து சாகும்வரை இந்த வெள்ளை மாறுவதில்லை. ஆகவே வாலடியைப் பார்த்து இனத்தை உறுதி செய்யுங்கள், அலகைப் பார்த்து வயதைச் சொல்லுங்கள். முறை இவ்வளவுதான். இனி வயது வாரியாகப் பார்க்கலாம்.

பிறந்த முதல் வாரங்கள்

கூடு தண்ணீர் ஓரத்திலேயே இருக்கும், சம்பு, கோரைத் தாள்களை மடித்துச் செய்த கிண்ணம். பொதுவாக ஐந்து முதல் ஒன்பது முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி மூன்று வாரம் அடைகாக்கும். ஆண்தான் கூடுதல் நேரம் உட்காரும். ஒரே கூட்டில் அளவுக்கு மீறி முட்டைகள் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பக்கத்துப் பெட்டை யாருக்கும் தெரியாமல் வந்து தன் முட்டையைப் போட்டுவிட்டுப் போவது இந்த இனத்தில் சகஜம்.

பொரித்த ஓரிரு நாளில் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கிவிடும். உடம்பு முழுக்கக் கருந்தூவி (இறகு முளைக்குமுன் இருக்கும் மெல்லிய பஞ்சு), தொண்டைப் பக்கம் நரைத்த மாதிரி சில வெளிர் நுனிகள். அலகு சிவப்பு, நுனி மஞ்சள், அப்பா அம்மாவுக்கு இருப்பது போலவே. மண்டையில் தூவி குறைவு, உள்ளே இருக்கும் செந்நிறத் தோல் தெரியும், கண்ணுக்கு மேலே நீலச்சாயல். குட்டி இறக்கையிலும் தூவி அடர்த்தியில்லை, சிவந்த தோல்தான் தெரியும். உற்றுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அந்த இறக்கை நுனியில் ஒரு சின்ன நகம் இருக்கும். தண்ணீரிலிருந்து கூட்டுக்கு ஏற, செடித்தண்டைப் பற்றிக்கொள்ள அது உதவும்.

இத்தனூண்டு குஞ்சுக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று கேட்கத் தோன்றும். ஒளிந்து வாழ வேண்டிய குஞ்சு சிவப்பு மண்டையோடு சுற்றுவது ஆபத்துதானே? இதற்கு ஓரளவு பதில் தாழைக்கோழியின் உறவுப் பறவையிடமிருந்து கிடைத்தது. அமெரிக்க நாமக்கோழியின் குஞ்சுகளுக்குக் கழுத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத் தூவி நுனிகள் உண்டு. ஆய்வாளர்கள் ஒரே கூட்டில் பாதிக் குஞ்சுகளுக்கு அந்த ஆரஞ்சு நுனியைக் கத்தரித்துவிட்டுப் பார்த்தார்கள். ஆரஞ்சு இருந்த குஞ்சுகளுக்குத்தான் பெற்றோர் கூடுதலாக ஊட்டின. 1994இல் வெளிவந்த ஆய்வு அது. தாழைக்கோழிக் குஞ்சின் சிவப்பும் "எனக்குக் கொடு" என்று கேட்கிற நிறமாக இருக்கலாம். அது பசியோடு அலகை நீட்டித் தலையைத் தாழ்த்தி, குட்டி இறக்கைகளைச் சிலிர்த்துக் காட்டும்போது மண்டை, அலகு, இறக்கை என்று மூன்று சிவப்பும் ஒருசேரப் பெற்றோர் கண்ணில் படுகின்றன.

இந்த வயதில் குஞ்சைத் தனியாகப் பார்ப்பது அரிது. பெற்றோரில் ஒன்று அருகிலேயே இருக்கும். "குர்ர்க்" என்று ஒரு கரகரத்த அதட்டல் கேட்ட உடனே குஞ்சுகள் செடிக்குள் மறைந்துவிடும். இந்த அதட்டல் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். ஐந்து பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப வெளியே வரும்.

நிறம் போகும் காலம்

இரண்டு, மூன்று வாரத்தில் மண்டைத் தோல் தூவியால் மூடிவிடும். அலகின் சிவப்பு மங்கத் தொடங்கும். தூவியின் கறுப்பும் சாம்பிப் புகைநிறமாகும். இந்த வயதில் குஞ்சு பார்க்கச் சகிக்காது, உள்ளபடி சொன்னால் அவ்வளவுதான். காலும் பாதமும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு, தலை சின்னது, இறக்கை இருக்கிறதா என்றே தெரியாது. தானாக இரை பொறுக்க ஆரம்பிப்பதும் இந்தச் சமயத்தில்தான். ஆனாலும் பெற்றோரைக் கண்டால் வாயைத் திறக்கும்.

பிறகு இறகு முளைக்கும். உடம்பில் முதலில், இறக்கையில் கடைசியில். அதனால் நான்கைந்து வாரக் குஞ்சு உடலளவில் கிட்டத்தட்டப் பெரிய பறவையாகத் தெரிந்தாலும் பறக்க முடியாது. வாலடி வெள்ளை இப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணில் படும். 40 முதல் 50 நாளுக்குள் பறக்கத் தொடங்கிவிடும்.

இந்த வயதிலிருந்து அடுத்த சில மாதம் வரை இருப்பதுதான் நம் "பழுப்புக் கோழி". மேலே பழுப்பு, அடியில் வெளிர் சாம்பல் பழுப்பு, தொண்டையும் தாடையும் வெளுப்பு. அலகு பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு சேற்று நிறம். நெற்றித் தகடு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. கண் பழுப்பு. காலில் சிவப்பு வளையம் கிடையாது. விலாக்கோடு உண்டு, ஆனால் தூய வெள்ளையாக இல்லாமல் சற்று மஞ்சள் ஏறியிருக்கும். புதியவர்களைத் திணறடிப்பது இந்தப் பருவம்தான், காரணம் படங்களில் பிரசித்தமான சிவப்பு எங்கேயும் இல்லை. பதறாதீர்கள். வாலை வெட்டுகிறதா, அடியில் இரண்டு வெள்ளைத் திட்டு இருக்கிறதா, விலாவில் கோடு இருக்கிறதா? இருந்தால் தாழைக்கோழிதான்.

இந்த இளசுகளைக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பது வீண்போகாது. தாழைக்கோழி ஒரே பருவத்தில் இரண்டு தடவை, சில சமயம் அதற்கு மேலும் குஞ்சு பொரிக்கும். முதல் ஈட்டில் பிறந்த பழுப்பு இளசுகள் எல்லாமே விலகிப் போய்விடுவதில்லை. சில அங்கேயே தங்கி, அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு இரை எடுத்து ஊட்டும். வீட்டின் மூத்த பெண் கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவாளே, அது மாதிரி. பழுப்புப் பறவை ஒன்று கறுப்புக் குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்ததும் "இதுதான் தாய்" என்று எழுதிவிடத் தோன்றும். அது அக்காவோ அண்ணனோதான். தாய் சிவப்பு அலகோடு வேறு பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும்.

ஆண், பெண் வித்தியாசம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நிறத்தில் இரண்டுக்கும் பேதமில்லை. ஆண் சராசரியாகக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கரையில் நின்று பார்த்துச் சொல்வது நம்பத் தகுந்ததல்ல. ஆனால் இவற்றின் குடும்ப நடப்பு சுவாரசியமானது. மற்ற பல பறவைகளில் ஆண்கள் பெண்ணுக்காகச் சண்டை போடும், இங்கே பெண்கள் ஆணுக்காகச் சண்டை போடும். அதிலும் போட்டி, சிறிய உடம்பும் நல்ல கொழுப்பும் உள்ள ஆண்களுக்காக. 1983இல் மரியன் பெட்ரி என்ற ஆய்வாளர் இதை எழுதினார். அடைகாக்கும் வேலை பெரும்பாலும் ஆணின் தலையில் விழுவதால், உடம்பில் சேமிப்பு உள்ள ஆண் நீண்ட நேரம் உட்கார முடியும் என்பது விளக்கம். தண்ணீரில் இரண்டு பறவைகள் மல்லாந்து, காலால் ஒன்றையொன்று உதைத்துக்கொள்வதைப் பார்த்தால் இரண்டும் ஆண்களாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

சிவப்பு திரும்பும்போது

பழுப்பு இறகுகள் சிறிது சிறிதாக உதிர்ந்து கரும் சாம்பல் இறகுகள் வரும். அலகில் அங்கங்கே ஆரஞ்சு கலந்த சிவப்பு ஊறும். நெற்றித் தகடு சிறியதாகத் தலைகாட்டும். பாதி சிவப்பு, பாதி சேறு என்று இருக்கும் பறவையை எந்த வகையில் சேர்ப்பது? "முதிராதது" என்று எழுதுங்கள், போதும். சில பறவைகளில் உடம்பு முழுக்கக் கறுத்தபின்னும் தொண்டையில் வெளிர் இறகுகள் கொஞ்சம் தங்கியிருக்கும். அதுவும் நல்ல தடயம். ஏறக்குறைய ஒரு வயதில் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிடும், அந்த வயதிலேயே கூடு கட்டவும் செய்யும்.

அதற்குப் பிறகு? இரண்டு வயதா, ஐந்து வயதா என்று பார்வையால் சொல்ல முடியாது. இனப்பெருக்கக் காலத்தில் தகடு புடைத்துப் பளிச்சென்றும், மற்ற நேரம் சற்றுச் சுருங்கியும் இருக்கும். அது பருவ மாற்றம், வயதல்ல.

பறக்கிறதா இல்லையா என்பதையும் வயதுக்கு அளவுகோலாக வைக்க வேண்டாம். தாழைக்கோழிக்குப் பறப்பதில் அவ்வளவு பிரியம் கிடையாது. துரத்தினால் தண்ணீர் மேல் காலால் அடித்து ஓடிப்போய்ப் புதருக்குள் நுழையும். அதோடு, இனப்பெருக்கம் முடிந்தபின் பெரிய பறவைகள் பறக்கும் இறகுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உதிர்த்துவிடும். புது இறகு வளரும்வரை சில வாரங்கள் அவற்றாலும் பறக்க முடியாது. அந்தச் சமயத்தில் புதருக்குள்ளேயே அடைந்து கிடக்கும், கண்மாயில் பறவை குறைந்துவிட்டதோ என்று நினைக்க வைக்கும்.

மாதத்தைப் பார்த்து வயது சொல்லலாமா?

ஐரோப்பியக் கையேடுகளில் இந்தப் பறவையின் வயதை மாதத்தோடு சேர்த்தே எழுதியிருப்பார்கள். அங்கே வசந்தத்தில் முட்டை, கோடையில் குஞ்சு, இலையுதிர் காலத்தில் பழுப்பு இளசு, "முதல் குளிர்காலப் பறவை" என்று ஒரு தனிப் பெயர். குளிர் கடுமையான நாடுகளில் அந்தக் கணக்கு சரியாக வரும். மதுரைக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் தப்பாகிவிடும். இங்கே பறவைக்கு வேண்டியது குறிப்பிட்ட மாதம் அல்ல, தண்ணீரும் அதற்குள் நிற்கும் செடியும்.

நம் கண்மாய்களோ ஒவ்வொன்றும் ஒரு விதம். வானம் பார்த்த கண்மாய் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் நிறையும், சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ளவை அணையில் தண்ணீர் திறக்கிற தேதியைப் பொறுத்தவை. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்ததிலிருந்து மலைக்கு அந்தப் பக்கத்து மழை இந்தப் பக்கத்துக் கண்மாய்ப் பறவையின் காலண்டரையும் தீர்மானிக்கிறது. நகருக்குள்ளும் விளிம்பிலும் உள்ள கண்மாய்கள் சிலவற்றில் சாக்கடைத் தண்ணீர் ஆண்டு முழுவதும் வந்து சேர்கிறது. மனிதனுக்கு மூக்கைப் பொத்த வைக்கிற அந்தத் தண்ணீரில் ஆகாயத்தாமரை செழித்து நிற்கும், தாழைக்கோழிக்கு அங்கே கோடையிலும் வீடு உண்டு. ஆக, ஒரே நாளில் ஒரே கண்மாயில் தூவிக்குஞ்சு, பழுப்பு இளசு, சிவப்பு திரும்புகிறது, பெரியது என்று நான்கு நிலைப் பறவைகளையும் பார்க்கலாம். பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கண்மாயில் ஒரு குஞ்சுகூட இல்லாமலும் இருக்கலாம். பறவையைப் பார்த்துத்தான் வயது, நாட்காட்டியைப் பார்த்து அல்ல.

மாறிப்போகிற மற்றவை

பெரிய தாழைக்கோழியை வேறொன்றாக நினைப்பது கடினம். நாமக்கோழி முழுக் கறுப்பு, அலகும் நெற்றியும் வெள்ளை. நீலத் தாழைக்கோழி இதைவிட நன்றாகப் பெரிது, உடம்பெல்லாம் நீலமும் ஊதாவும், சிவப்பு அலகு கனத்துத் தடித்திருக்கும். வெண்மார்புக் கானாங்கோழிக்கு முகமும் நெஞ்சும் வெள்ளை, வாலடி செம்பழுப்பு.

சிக்கல் குஞ்சிலும் இளசிலும்தான். வெண்மார்புக் கானாங்கோழியின் குஞ்சும் கறுப்பு உருண்டைதான், ஆனால் அலகு சிவப்பாக இருக்காது. அது வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தரையில் ஓடுவதை அதிகம் பார்க்கலாம். நாமக்கோழிக் குஞ்சுக்குத் தலையும் கழுத்தும் ஆரஞ்சு, சிவப்புச் சிலிர்ப்பாக இருக்கும், அலகில் மட்டும் நிற்காது. நாமக்கோழியின் இளசுக்கு முன்கழுத்தும் நெஞ்சும் நன்றாக வெளுத்திருக்கும், வாலடியில் வெள்ளைத் திட்டோ விலாவில் கோடோ இருக்காது. நீந்தும்போதும் அது முதுகு உருண்டு, வால் தாழ்ந்து தெரியும். தாழைக்கோழியின் வால் எப்போதும் தூக்கலாகவே நிற்கும். முக்குளிப்பான் குஞ்சுக்குத் தலையில் கோடு கோடாக இருக்கும், அதைக் கண்டதும் விட்டுவிடலாம்.

இனி எங்கே போவது? வண்டியூர்க் கண்மாய், மாடக்குளம், திருப்பரங்குன்றம் தென்கால், தென்கிழக்கே சாமநத்தம் என்று மதுரையைச் சுற்றித் தண்ணீருக்குக் குறைவில்லை. ஊர்ப்பேரைவிட முக்கியம், கரையிலிருந்து தெரிகிற தூரத்தில் சம்பும் திறந்த தண்ணீரும் சந்திக்கிற ஒரு ஓரம். நடுவில் தண்ணீர் மட்டும் விரிந்து கிடக்கிற கண்மாயில் இவை அதிகம் தென்படாது. காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் உங்கள் முதுகில் இருக்கும். இது சின்ன விஷயமில்லை. எதிர்வெயிலில் சிவப்பு அலகு கறுப்பாகத் தெரியும், பெரிய பறவையை இளசு என்று எழுதிவிடுவீர்கள். அலகில் சேறும் பாசியும் ஒட்டியிருப்பதும் இதே தவறைச் செய்ய வைக்கும், அதனால் அது தண்ணீரில் இரண்டு முறை கொத்தி முடிக்கிற வரை பொறுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாதகமில்லை, மடைப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தால் வெறுங்கண்ணுக்கே அலகு தெரியும் தூரத்துக்கு வரும்.

கரையில் மாடு மேய்க்கிறவர்களிடமும் வலை போடுகிறவர்களிடமும் கேட்கத் தயங்காதீர்கள். "அண்ணே, செவப்பு மூக்குக் கோழி இந்தப் பக்கம் குஞ்சோட சுத்துதா?" என்று கேட்டால் எந்த மடை, எந்தப் புதர் என்று கைகாட்டிவிடுவார்கள். கூடு எங்கே என்று மட்டும் தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டாம், கூட்டருகே போகவும் வேண்டாம். நாம் மிதித்த பாதையில் நாயும் கீரியும் பின்னால் வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் முட்டை எடுப்பதும் குற்றம்.

பார்த்ததை எழுதிவைக்கும்போது எண்ணிக்கையோடு வயதையும் பிரித்து எழுதுங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பட்டியல் போடுகிறவர்கள் ஒவ்வொரு பறவைக்கும் வயது, பால் குறிக்கிற கட்டங்களைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் "தாழைக்கோழி 14" என்று மட்டும் எழுதுவதற்கும் "பெரியது 6, முதிராதது 3, தூவிக்குஞ்சு 5" என்று எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவது பதிவு, அந்தக் கண்மாயில் சில வாரங்களுக்கு முன் கூடு இருந்தது, குஞ்சு பிழைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரே கண்மாய்க்கு மாதம் ஒரு முறை போய் இப்படி எழுதிவந்தால், அங்கே எப்போது முட்டை வைக்கிறது என்பது கூட்டைத் தேடாமலேயே பிடிபடும்: ஒரு வாரத் தூவிக்குஞ்சைப் பார்த்த தேதியிலிருந்து நான்கு வாரம் பின்னால் எண்ணினால் அடை உட்கார்ந்த சமயம் கிடைக்கும். புதருக்குள் நுழையும்போது வாலடி வெள்ளை மட்டும் தெரிந்த பறவையை "வயது தெரியாதது" என்ற கட்டத்தில் போடுங்கள். அதற்கென்றே ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்.